குரல்வளை எடுத்த ஆளைப் பக்கத்தில நிண்டு பாக்கிற ஆக்களுக்கு

கான்சருக்காகக் குரல்வளையை முழுசா எடுக்கப் போயினம் எண்டு சொன்ன உடன எல்லாரும் கேக்கிறது "பேந்து கதைக்க ஏலுமோ" எண்டுதான், கேக்கத்தான் வேணும், ஆனா அதுக்கு முதல் காயம் மாறவேணும், மூச்சு தடையில்லாமப் போகவேணும், அந்த ரெண்டிலயும் டொக்டர்மார் செய்யிறது பாதி, கூட நிக்கிற ஆள் செய்யிறது மற்றப் பாதி.

உள்ள என்ன மாறுது எண்டு முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ. குரல்வளையை எடுத்தாப்பிறகு மூச்சுக்குழாயை முன்கழுத்தில கொண்டுவந்து தோலோட தைச்சு ஓட்டை விடுவினம், ஸ்ரோமா எண்டுறது அதைத்தான். வாய்க்கும் மூக்குக்கும் நுரையீரலோட இனி ஒரு தொடர்பும் இல்லை. மூக்கைப் பொத்தினா ஒண்டும் ஆகாது, ஓட்டையைப் பொத்தினா ஆள் போயிடும்.

ஒப்பரேசனுக்குப் பிறகு வாற பிரச்சினையில கூட வாறது எச்சில் கசிவு. தொண்டையை உள்ளுக்க தைச்ச இடம் விட்டுப்போய், எச்சில் கழுத்துத் தோலால வெளிய வரும். இதைத் தடுக்கிற வேலை வாட்டுக்குப் போக முதலே தொடங்கவேணும். ரத்தம் குறைஞ்ச ஆள், மெலிஞ்ச ஆள், சீனி வருத்தம் கட்டுக்குள்ள இல்லாத ஆள், ஏற்கனவே கான்சருக்குத் தொண்டைக்குக் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிச்ச ஆள், இவையளுக்குத்தான் காயம் லேசில மாறாது. திகதி கிடைச்ச நாளில இருந்து முட்டை, மீன், பருப்பு, உழுத்தங்கஞ்சி எண்டு விழுங்கக்கூடியதைக் குடுங்கோ, விழுங்கவே ஏலாட்டி ஒளிக்காமக் கிளினிக்கில சொல்லுங்கோ, மூக்கால ரியூப் போட்டு முதலே சாப்பாடு ஏத்துவினம். சிகரெட், பீடி, சுருட்டு குறைஞ்சது 4 கிழமைக்கு முதலாவது நிக்கவேணும். வெத்திலையோட போடுற புகையிலையும்தான், அதை ஆரும் கணக்கில எடுக்கிறேல்லை. கரண்ட் பிடிச்ச ஆக்களுக்குத் தைரொயிட்டும் ஒருக்காப் பாத்தா நல்லம், அது குறைஞ்சாலும் காயம் மாறுறது பிந்தும்.

ஒப்பரேசன் முடிஞ்சா அனேகமா 7 தொடக்கம் 10 நாளுக்கு வாயால ஒண்டும் குடுக்க விடமாட்டினம், கரண்ட் பிடிச்ச ஆள் எண்டா இன்னும் கூடவும் போகும். இங்கதான் எங்கட சனத்தோட பெரிய பாடு. பாக்க வாற ஆக்கள் செவ்விளநி, சோடா எண்டு தூக்கிக்கொண்டு வருவினம், ஆளும் ஒரு மிடறு பிளேன்ரீ தா எண்டு கையைக் காட்டும், பாவம் எண்டு மட்டும் குடுத்திடாதேங்கோ, தையல் மாறினதை டொக்டர் பாத்து ஓம் எண்டாத்தான் வாய்க்குள்ள தண்ணி. மூக்கு ரியூப்பால ஏத்தேக்க ஆளை நிமித்தி இருத்துங்கோ, முடிய ரியூப்பைத் தண்ணியால கழுவிவிடுங்கோ. ரியூப் கழண்டு வந்தா நீங்கள் திருப்பித் தள்ளப்படாது, அது புதுத் தையலைக் குத்திக்கொண்டு போகும், நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடுங்கோ.

காய்ச்சல், கழுத்துச் சிவந்து வீங்கிறது, காயத்தால மணக்கிற தண்ணி கசியிறது, இதில ஒண்டு கண்டாலும் அண்டைக்கே காட்டவேணும். முதல் ரெண்டு கிழமையும்தான் கூடக் கவனம். காயத்தண்ணி வடிய எண்டு கழுத்தில போட்டிருக்கிற ட்ரெயின் போத்தலில பால் மாதிரி வந்தாலும் சொல்லுங்கோ. வாயைச் சுத்தி, விரல் நுனியில விறைக்குது, கை இழுக்குது எண்டா கல்சியம் குறைஞ்சிருக்கலாம். கழுத்தால நல்ல சிவப்பு ரத்தம் கொஞ்சமா வந்து தானா நிண்டாலும் "நிண்டிட்டுது தானே" எண்டு இருக்காதேங்கோ, பெரிய ரத்தநாளம் வெடிக்க முதல் அப்பிடித்தான் காட்டும்.

வீட்டுக்கு வந்தாப்பிறகு எதிரி சளிதான். மூக்கால மூச்சு விட்ட காலத்தில மூக்கு காத்தைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிச்சு அனுப்பினது, இப்ப வறண்ட காத்து நேர உள்ளுக்க போகுது, சளி காய்ஞ்சு கட்டியாகி ஓட்டையை அடைக்கும். வன்னியில ஆடி ஆவணிக் கச்சான் காத்தும் கிரவல் றோட்டுப் புழுதியும் தெரியும்தானே. ஈரமாக்கிற வடிகட்டி கிடைச்சா நல்லது, இல்லாட்டி நனைச்சுப் பிழிஞ்ச மெல்லிய துணியைக் கழுத்தில தொங்கவிட்டு, காய முதல் மாத்துங்கோ. நூல் கழண்டு வாற துணி, பஞ்சு வேண்டாம், உள்ளுக்க போயிடும். ஓட்டைக்குள்ள சேலைன் விடுறது கிளினிக்கில காட்டித்தந்த அளவுக்கு, கிணத்துத் தண்ணி விடவே கூடாது. காலமையும் பின்னேரமும் ரோச் அடிச்சுப் பாத்து, காய்ஞ்சதை ஊறவச்சு எடுங்கோ, இழுத்துப் பிய்க்காதேங்கோ. கழுத்தில ரியூப் போடச் சொல்லியிருந்தா போட்டபடியே இருக்கட்டும், கரைச்சலா இருக்கெண்டு கழட்டி வச்சா ஓட்டை சுருங்கும்.

நெல்லுச் சூடு அடிக்கிற இடம், வைக்கோல் எரிக்கிற இடம், நுளம்புச்சுருள் கொளுத்தின அறை, இதொண்டிலயும் ஆளை விடாதேங்கோ. இரவில நுளம்பு வலை கட்டாயம், பூச்சி ஓட்டைக்குள்ள போனா இருமி இருமியே பாடுபடுவினம். குளத்தில இறங்கிக் குளிக்கிறதை மறக்கவேண்டியதுதான், சொல்லக் கஷ்டமா இருக்கு, ஆனா கழுத்தளவு தண்ணி எண்டாலே மூழ்கினமாதிரி. கதிரையில இருத்தி, ஓட்டையை மூடாம முன்னால துணி பிடிச்சு, நெஞ்சுக்குக் கீழ வாத்து, தலையைத் தனியாக் குனிஞ்சு கழுவலாம். மணம் பிடிக்கிறதும் குறைஞ்சுபோகும், அதால காஸ் ஒழுகினாலும் கறி பழுதானாலும் ஆளுக்குத் தெரியாது, நீங்கள்தான் பாக்கவேணும்.

கதைக்கிறதுக்கு மூச்சுக்குழாய்க்கும் சாப்பாட்டுக்குழாய்க்கும் நடுவில வால்வு வச்ச ஆள் தண்ணி குடிக்கேக்க இருமினா வால்வு ஒழுகுது எண்டு அர்த்தம், சளிக்காய்ச்சல் வர முதல் காட்டுங்கோ. வால்வு கழண்டு காணாமப் போனா நேர ஆஸ்பத்திரி, மூச்சுக்குழாய்க்குள்ள விழுந்திருக்கலாம்.

மூச்சு அடைச்சா யாழ்ப்பாணம் கொண்டுபோவம் எண்டு ஏ9 றோட்டைப் பிடிக்காதேங்கோ, முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியோ கிளிநொச்சியோ வவுனியாவோ, எது கிட்டவோ அங்க. 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும், ஆனா ஆளால போனில கதைக்க ஏலாது, அதால பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவச்சு, ஆளுக்குச் சத்தம் போட ஒரு சாமானும் குடுங்கோ, வாயால விசில் ஊத ஏலாது எண்டபடியா அமத்தினா சத்தம் வாற பெல்லா வாங்குங்கோ. சேட் பொக்கற்றில ஒரு மட்டை இருக்கட்டும், தமிழிலயும் சிங்களத்திலயும்: கழுத்து ஓட்டையால மூச்சு விடுற ஆள், ஒட்சிசன் மாஸ்கைக் கழுத்தில வைக்கவும், முகத்தில இல்லை.