பாவித்த ஓர்கன் வாங்கி விற்பவர்கள் விடும் பிழைகள்

விற்க வந்தவர் ஓர்கனை (மின்சாரக் கீபோர்ட்டைத்தான் இங்கே பெரும்பாலும் அப்படிச் சொல்கிறோம்) மேசையில் வைத்ததும் முதலில் அழுத்துவது டெமோ பொத்தானைத்தான். வயலின், ட்ரம்ஸ், பேஸ் எல்லாம் சேர்ந்து வீடே அதிரும். வாங்க வந்தவர் அந்தச் சத்தத்திலேயே பாதி மனம் இளகிவிடுவார். ஆனால் அந்தப் பாட்டு கருவியின் நினைவகத்திலிருந்து வருகிறது, கட்டைகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 61 கட்டையும் செத்துப்போன ஓர்கனிலும் டெமோ அருமையாக ஓடும். ஸ்பீக்கரும் உள்ளே இருக்கும் பிரதான பலகையும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

டெமோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, கருவியின் சத்தப் பட்டியலில் ‘ஓர்கன்’ என்ற சத்தத்தைத் தெரிவுசெய்யுங்கள். கட்டையைப் பிடித்திருக்கும்வரை அந்தச் சத்தம் ஒரே அளவில் நிற்கும் என்பதால், தொடுப்பு விட்டுவிட்டு வந்தால் உடனே காதில் படும். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, கறுப்புக் கட்டைகளையும் விடாமல், ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். அப்புறம் பியானோவுக்கு மாற்றி, அதே கட்டைகளை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை ஓங்கியும் அடித்துப் பாருங்கள்.

இந்த இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. டச், அதாவது அடிக்கும் வேகத்துக்கேற்பச் சத்தம் கூடிக் குறையும் வசதி, உள்ள ஓர்கனில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழும் அதற்குள் இரண்டு கரிப்பொட்டும் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் பலகையைத் தொடும். அந்த இடைவெளி நேரத்தை அளந்துதான் நீங்கள் மெல்லத் தொட்டீர்களா, ஓங்கி அடித்தீர்களா என்று கருவி தீர்மானிக்கிறது. இடையில் தூசியோ ஈரமோ புகுந்தால் கட்டை பேசாமல் போகும், அல்லது எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் உச்சச் சத்தத்தில் கத்தும். குருநகர், பாசையூர், பருத்தித்துறைப் பக்கம் கடற்கரையோர வீடுகளில் இருந்த ஓர்கன் என்றால் உப்புக்காற்றையும் கணக்கில் எடுங்கள். பற்றரிப் பெட்டியைத் திறந்தாலே பாதி தெரிந்துவிடும். அங்கே பற்றரி கசிந்து கம்பிச் சுருள் கறல் பிடித்திருந்தால், உள்ளே பலகையிலும் பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றிரண்டு கட்டை பேசவில்லை என்றதும் ஓடிவிடுவதும் ஒரு பிழைதான். என்னைக் கேட்டால் பேரம் பேச இதைவிட நல்ல பழுது இல்லை. பெரும்பாலும் கழற்றி, ஐசோப்ரோப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். பெற்றோல், தின்னர், அரத்தாள் மூன்றையும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம், கரிப்பூச்சு போய்விட்டால் திரும்ப வராது. விலகி ஓட வேண்டிய பழுது வேறு: திரையில் பாதி எழுத்து இல்லாதது, பத்து நிமிடம் ஓடியதும் தானாக நின்றுபோவது, முன்பே யாரோ திறந்து திருகாணிகள் குறைந்திருப்பது.

அடுத்தது கரண்ட் சங்கதி. யாழ்ப்பாணத்தில் பணம் கரைவது அதிகமும் இங்கேதான், ஏனென்றால் நம்மிடம் வரும் ஓர்கன்களில் நல்ல பங்கு வெளிநாட்டு உறவுகள் பெட்டி போட்டு அனுப்பியவை. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் (கரண்ட் ஒரு நொடியில் எத்தனை தடவை அலைகிறது என்ற கணக்கு). லண்டன், பாரிஸ், சூரிச்சில் இருந்து வந்ததற்குப் பிளக்கை மாற்றினால் பெரும்பாலும் போதும். ரொறன்ரோவில் இருந்து வந்தது 120 வோல்ட் மட்டும் ஏற்கும் கருவியாக இருக்கலாம். அப்படியானதைப் பிளக் மாற்றி மட்டும் போட்டுச் சுவரில் குத்தினால் அந்த ஒரு நொடியோடு கதை முடிந்தது. அடப்டரின் முதுகில் இன்புட் என்று எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். 100–240 என்றிருந்தால் கவலை இல்லை. 120 மட்டும் என்றால் அந்த அடப்டரைத் தூர வைத்துவிட்டு, அதே வெளியீடுள்ள உள்ளூர் அடப்டர் ஒன்று வாங்குங்கள். கரண்ட் வயர் நேரே உடலுக்குள் போகும் பெரிய ஓர்கன் என்றால், பின்பக்கத்தில் வோல்ட் மாற்றும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமர்தான். அதன் விலையைக் கொள்விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

ட்ரான்ஸ்போமராலும் தீராத ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹமொண்ட் நிறுவனம் செய்த பழைய ஓர்கன்களில், 1954இல் வந்த புகழ்பெற்ற பி-3 உட்பட, சத்தத்தைப் பிறப்பிப்பது சுழலும் இரும்புப் பற்சக்கரங்கள். அவற்றைச் சுழற்றும் மோட்டாரின் வேகம் கரண்டின் ஹேர்ட்ஸைப் பிடித்தே ஓடும். வட அமெரிக்காவில் அது 60. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹேர்ட்ஸைத் தொடாது. ஆகவே 60க்குச் செய்த ஹமொண்ட் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழன்று, மூன்று அரைச்சுரம் இறங்கி ஒலிக்கும். சி கட்டையை அழுத்தினால் ஏ வரும். ஹேர்ட்ஸையே மாற்றித்தரும் கருவி தனியே உண்டு, அது மலிவல்ல. ஹமொண்ட் கால்கட்டையும் இருக்கையும் சேர்த்து 150 கிலோவுக்கு மேல் வேறு. தேவாலயத்துக்கென்று ஆசையாக யாராவது அனுப்ப நினைத்தால் கப்பலில் ஏற்ற முன்னரே தடுத்துவிடுங்கள்.

சின்ன ஓர்கன்களில் இதே அளவு சேதம் செய்வது அடப்டரின் முனை. பழைய கசியோக்கள் பல 9 வோல்ட், முனையின் நடுவில் மைனஸ். யமஹா பி.எஸ்.ஆர். வகைகள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பொருந்தக்கூடிய முனை கிடைத்துவிட்டது என்பதற்காக ஒன்றின் அடப்டரை மற்றதற்குக் குத்தக்கூடாது. வோல்ட் அளவும் பிளஸ் மைனஸ் படமும் ஓர்கனின் துளைக்கு அருகிலேயே அச்சிட்டிருக்கும். “அடப்டர் இல்லை, மற்றபடி நல்லாய் வேலை செய்யும்” என்று ஒருவர் சொன்னால், சரியான அடப்டரோடு திரும்பப் போய்ப் பார்க்கும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.

சரி, பழுதில்லாத ஓர்கன் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். அதை யார் வாங்குவார்? வாங்கி விற்பவர்கள் இந்தக் கேள்வியைப் பணம் கொடுத்த பிறகே கேட்கிறார்கள். இங்கே தேடி வருபவர்கள் சில வகைதான். சாதாரண தரத்துக்கு மேலைத்தேய சங்கீதம் எடுக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு டச் உள்ள 61 கட்டை வேண்டும். சின்னக் கட்டை வைத்த விளையாட்டு ஓர்கன் அவர்களுக்கு உதவாது. பஜனைக் குழுவும் கலியாண வீட்டு இசைக்குழுவும் தபேலா, தம்புராச் சத்தம் இருக்கிறதா என்று கேட்கும். யமஹா பி.எஸ்.ஆர்-ஐ455 போல இந்தியச் சந்தைக்கென்று வந்த மொடல்களை அவர்கள் பெயர் சொல்லியே தேடுவார்கள். தேவாலயப் பாடகர் குழுவுக்கு கரோல் காலத்துக்கு முன் வேண்டும். ஒக்டோபரில் விளம்பரம் போட்டால் கிடைக்கும் கவனம் ஜனவரியில் கிடைக்காது.

இரண்டடுக்குக் கட்டையும் கால்கட்டையும் கொண்ட வீட்டு ஓர்கன் இந்த மூவரில் எவருக்கும் பொருந்துவதில்லை. பார்க்க அழகு, மரவேலை பிரமாதம், விலையும் மலிவு. ஆனால் லாபத்துக்கென்று அதை வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். வாசிக்கத் தெரிந்தவர் குறைவு, ஏற்றி இறக்க நாலு பேர் வேண்டும், மரத்துக்குக் கறையான் வரும். தேவாலயமோ பள்ளிக்கூடமோ பழையதைக் கழிக்கும்போது தனியொருவரிடம் பேசி வாங்குவதும் வில்லங்கம்தான். அது பெரும்பாலும் யாரோ இறந்தவர் நினைவாகக் கொடுத்த அன்பளிப்பாக இருக்கும். சபையின் கடிதம் இல்லாமல் வெளியே எடுத்தால் கேள்வி உங்களைத் தேடி வரும்.

வயதையும் கவனியுங்கள். “மூன்று வருடம்தான் பாவித்தது” என்பது அவர் வாங்கிய நாளிலிருந்து எண்ணிய கணக்கு. மொடலின் வயது வேறு. பாட்டைச் சேமிக்க யமஹா பி.எஸ்.ஆர்-740, பி.எஸ்.ஆர்-2000 இரண்டும் ஃப்ளொப்பி கேட்கும், பி.எஸ்.ஆர்-3000 ஸ்மார்ட் மீடியா அட்டை கேட்கும். இரண்டுமே இப்போது தேடி அலைய வேண்டிய சாமான். ரோலன்ட் டி-70, ஜேவி-80 போன்றவற்றில் கட்டைக்கடியில் பாரம் ஒட்டிய சிவப்புப் பசை காலப்போக்கில் உருகி உள்ளே வழியும், வெக்கை அதைக் கூட்டும். கட்டைகளின் அடியில் சிவப்பாகப் பிசுபிசுப்புத் தெரிந்தால் அதுதான்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு எடுப்பவர்கள் கட்டை மேலே பார்க்க வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வந்த பின் மாரி காலத்தில் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி வைக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணி போதும்.

விற்கும்போது பழுதை மறைப்பது மிகப் பெரிய பிழை. நல்லூரில் விற்றது மானிப்பாயில் யாரிடம் இருக்கிறது என்று ஒரு கிழமைக்குள் தெரிந்துவிடும் ஊர் இது. எந்தக் கட்டை மெலிவு, எந்தப் பொத்தான் இறுக்கம் என்று விளம்பரத்திலேயே போட்டால், சும்மா விலை கேட்டு நேரம் தின்பவர்களும் குறைவார்கள். வாங்க வருபவர் சஸ்டெயின் பெடல் (சத்தத்தை நீட்டிப் பிடிக்கும் கால்மிதி) தலைகீழாக வேலை செய்கிறது என்றால் பதற வேண்டாம். பெடலை மிதித்தபடி ஓர்கனைப் போட்டிருப்பார், நிறுத்தி, காலை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். முந்தியவர் பதிந்து வைத்த பாட்டுகள் இருந்தால், தேவையா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழியுங்கள். பற்றுச்சீட்டில் மொடல், தொடர் இலக்கம், சொன்ன பழுதுகள் மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.