ஒன்பது சோடி ஸ்கேட், நான்கு அணி: கூடைப்பந்துத் திடலில் ரோலர் ஹொக்கி

மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் எனக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து மருமகன் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே பழைய இன்லைன் ஸ்கேட் (அடியில் ஒரே வரிசையில் சில்லு பூட்டிய சப்பாத்து) ஒன்பது சோடி, ஹொக்கி மட்டைகள், செம்மஞ்சள் பந்துகள். "மாமா, பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்று ஒரு துண்டுக் கடிதம். இன்று எங்களிடம் நான்கு ரோலர் ஹொக்கி அணிகள் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் தொடங்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள்.

முறையான திடலுக்குக் குறைந்தது 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் வேண்டும். அதைத் தேடி அலையாதீர்கள். புனித மிக்கேல் கல்லூரியில் ஹரல்ட் வெபர் அடிகளார் கூடைப்பந்தை வளர்த்தெடுத்த மாவட்டம் இது. சீமெந்துத் திடல்களுக்குக் குறைவில்லை. 28க்கு 15 மீற்றர் இடத்தில் அணிக்கு மூன்று பேரும் ஒரு கோல் காப்பாளரும் தாராளமாக ஆடலாம். காப்பாளர் சாதாரணச் சப்பாத்துடன் நிற்கட்டும். கம்பங்களில் பழைய சைக்கிள் டயர்களைச் சுற்றிக் கட்டுங்கள். ஓரங்களில் பலகை அடுக்கினால் பந்து வெளியே ஓடாது. சொரசொரப்பான சீமெந்தில் பக் (ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டையான வட்டு) புரண்டு உருண்டுவிடும், பந்துதான் சரி.

முதல் மூன்று வாரம் மட்டையைத் தொட விடாதீர்கள். நிற்கவும், முழங்கால் மடித்து விழவும், எழும்பவும் பழகட்டும். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் இல்லாத பிள்ளை திடலில் இறங்கவே கூடாது. நாங்கள் காப்பில்லாமல் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு பையனின் கை முறிந்தது. பிழை என்னுடையது. அவனுடைய தாயின் முன்னால் நின்ற அந்தப் பின்னேரத்தை நான் மறக்கவில்லை.

இனி, என் தொழிலுக்கு நெருங்கிய விடயம். ஒரு சப்பாத்தில் நான்கு சில்லு, சில்லுக்கு இரண்டு பெயாரிங். ஒன்பது சோடிக்கு 144. கச்சான் காற்று புழுதியை வாரி வரும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அத்தனையையும் கழற்ற வேண்டும். பெயாரிங்கின் மூடியைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையத்தை ஊசி முனையால் நெம்புங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, விரலில் மாட்டிச் சுழற்றினால் கறுப்பாக அழுக்கு இறங்கும். துடைத்து, வெயில் படாத இடத்தில் துணிமேல் நன்றாக உலரவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். கிறீஸ் அப்பாதீர்கள், மணல் அதில்தான் ஒட்டும். கர்ரென்று அரைத்துக்கொண்டிருந்தது சத்தமின்றி நெடுநேரம் சுற்றினால் வேலை முடிந்தது. மாற்ற வேண்டியிருந்தால் பக்கத்தில் 608 என்று பொறித்ததைக் கேட்டு வாங்குங்கள்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். சில்லின் உட்புறம் முதலில் தேயும். முதலாவதை மூன்றாவதுடனும் இரண்டாவதை நான்காவதுடனும் மாற்றி, பக்கத்தையும் திருப்பிப் பூட்டுங்கள்.

ஒன்பது சோடியை வைத்து நான்கு அணிகள் எப்படி ஆடுவது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வழியை ரோலர் ஹொக்கி இன்டர்நேஷனலிடம் எடுத்தேன். டென்னிஸ் மர்பியும் கூட்டாளிகளும் வட அமெரிக்காவில் தொடங்கி 1993இல் ஆடவைத்த தொழில்முறை லீக் அது. ஐஸ் ஹொக்கியின் மூன்று பகுதிகளை விட்டு, 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு வைத்தார்கள். அதனால் நடுவில் மூன்று இடைவேளைகள் கிடைக்கின்றன. ஸ்கேட் கழற்றி அடுத்தவருக்குக் கொடுக்க எங்களுக்கு வேண்டியது அதுதான். நாடா கட்டி முடிக்க ஐந்து நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக இரண்டு சோடி காலுறை கொண்டுவர வேண்டும். உடலால் மோதுதல் அடியோடு கூடாது. மட்டை தோளுக்கு மேல் போனால் இரண்டு நிமிடம் வெளியே.

அணிகளுக்கு ஊர்ப் பெயர்தான் வைத்தோம்: கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, தாழங்குடா. ஒவ்வொன்றும் மற்றதுடன் இரு முறை மோதினால் 12 ஆட்டங்கள். சனிக்கிழமைக்கு இரண்டாக, ஆறு வாரம். மழை ஓய்ந்த பெப்ரவரியில் தொடங்கினால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடிந்துவிடும்.

அணிகளைக் கூட்ட அவசரப்படாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். அந்த லீக் 12 அணிகளுடன் தொடங்கி மறு வருடமே 24 ஆனது. 1997இல் 10 அணிகளே மிஞ்சின, 1998இல் ஆட்டமே இல்லை, 1999உடன் நின்றுவிட்டது. மருமகனுடைய நகரத்தின் ரொறன்ரோ பிளானெட்ஸ் ஆடியது ஒரே ஒரு பருவம். முதல் கிண்ணத்தை வென்ற அனஹைம் புல்ஃப்ரொக்ஸ் போல வேரூன்றிய அணிகளும் லீக்குடன் சேர்ந்தே இழுபட்டன.

இந்த வருடம் காத்தான்குடிப் பிள்ளைகள் ஐந்தாவது அணியாகச் சேரக் கேட்டார்கள். இன்னும் மூன்று சோடி வந்து சேரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து பெயாரிங் கழுவப் பழகுகிறார்கள்.