பெயரே வாக்காளர் இடாப்பில் இல்லாதவரிடம் "வாக்களியுங்கோ" என்று சொல்லி என்ன பயன்?

திருகோணமலையில் உள்ளூராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் மக்களை வாக்களிக்க வைக்கவென்று கட்சி சாராத இளைஞர் அணி ஒன்று புதிதாகக் கிளம்பும். துண்டுப்பிரசுரம் அடிப்பார்கள், ஒரே நிறத்தில் ரீசேட் போடுவார்கள், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். நல்ல மனம், கடும் உழைப்பு. ஆனால் முன்பு வந்த அணி சறுக்கிய இடத்திலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். பிரசுரத்தில் எழுத்துப்பிழை, கூட்டத்துக்கு ஆள் வராமை போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம். அவை தானாகத் திருந்தும். ஒருவருடைய வாக்கையே இல்லாமல் ஆக்கும் தவறுகள்தான் இங்கே பேச்சு.

தேர்தல் அறிவித்த பிறகு பதிவு வேலையைத் தொடங்குவது

இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, கோபமும் வருகிறது.

தேர்தல் திகதி வந்ததும் வீட்டுக்கு வீடு போய் "பதிந்துவிட்டீர்களா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்று சொல்பவருக்கு அந்த நேரத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. 2025 மே 6 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பயன்பட்டது 2024 ஆம் ஆண்டின் வாக்காளர் இடாப்பு. 2025 தைப்பொங்கலுக்கு வீடு மாறியவருக்கும் வாக்கு பழைய முகவரியில்தான் இருந்தது. மார்ச், ஏப்ரலில் அவர் எந்தக் கந்தோருக்கு அலைந்தாலும் அது மாறியிருக்காது.

வாக்களிப்பு நிலையத்தில் இது எப்படி முடிகிறது என்று பாருங்கள். எழுதுவினைஞர் அடிமட்டத்தை இடாப்பின்மேல் வைத்து வரிவரியாகக் கீழே இறக்குகிறார். வீட்டிலக்கம் சரி. மாமனார் பெயர் இருக்கிறது, மாமியார் பெயர் இருக்கிறது, மனைவி பெயரும் இருக்கிறது. அடுத்த வரி அடுத்த வீடு. மருமகன் கையில் அடையாள அட்டையோடு நிற்கிறார். இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறார். அடிமட்டம் மறுபடி மேலே போய் இறங்குகிறது. பெயர் இல்லை. நிலையப் பொறுப்பதிகாரிக்கு அந்த இடத்தில் பெயர் சேர்க்க அதிகாரமும் இல்லை. மருமகன் திரும்பி நடக்கிறார். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். அப்படித் திரும்பியவர் அடுத்த தேர்தலுக்கு வருவது அரிது.

பதிவுக்கு வருடாந்த நாட்காட்டி ஒன்று உண்டு. பெப்ரவரி 1 ஆம் திகதி ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்பதுதான் கணக்கு. அதையொட்டிக் கிராம உத்தியோகத்தர் தன் பிரிவின் விவரங்களைத் திரட்டுவார். அதன்பின் இரண்டு பட்டியல்கள் காட்சிக்கு வரும். நீக்கப்பட இருக்கும் பெயர்கள் ஒன்றில், புதிதாகச் சேர்க்கப்பட இருக்கும் பெயர்கள் மற்றதில். கிராம உத்தியோகத்தர் அலுவலகம், பிரதேச செயலகம், மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஆகிய இடங்களில் பார்க்கலாம். விடுபட்டவர் உரிமைக் கோரிக்கை கொடுப்பதும், தகுதியற்ற பெயருக்கு ஆட்சேபணை சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிறகு கதவு மூடிவிடும். 18 வயதை எட்டுபவர்களுக்கு 2021 திருத்தச் சட்டத்தின் பின் துணை இடாப்பு என்ற வழி வந்திருக்கிறது. அதற்கும் தனித் திகதிகள் உண்டு. தேர்தல் அறிவித்த கிழமையில் போய் நிற்க அதுவும் உதவாது.

ஆகவே அணியின் உண்மையான வேலைக்காலம் பெப்ரவரியில் தொடங்குகிறது. அப்போது ஊரில் தேர்தல் பேச்சே இருக்காது, ரீசேட்டும் தேவைப்படாது. ஒரு கொப்பி, ஒரு பேனை, கிராம உத்தியோகத்தரோடு நல்ல உறவு இருந்தால் போதும். வீட்டில் "எல்லாரும் பதிஞ்சிட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். "ஓம்" என்றுதான் பதில் வரும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து அங்கேயே பாருங்கள். புதிய 12 இலக்க அட்டை எடுத்தவரின் பெயர் வராவிட்டால் பழைய இலக்கத்தையும் கொடுத்துப் பாருங்கள். பழைய இலக்கம் 85 என்று தொடங்கினால் புதியது 1985 என்று தொடங்கும். பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேரும், கடைசி எழுத்து போய்விடும். இதைத் தெரியாமல் "பெயர் இல்லை" என்று ஒரு வயதானவரைப் பயமுறுத்திவிட்டு வரக்கூடாது.

பெயர் விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, மேலே சொன்ன மருமகன். நம் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வருவதே வழக்கம். தாய் வீட்டில் "அவன் இப்ப இங்கே இல்லை" என்று சொல்லிப் பெயரை வெட்டுவிப்பார்கள். மாமனார் வீட்டில் சேர்க்கச் சொல்ல யாருக்கும் நினைவு வராது. கடந்த ஒரு வருடத்தில் கலியாணம் நடந்த வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாடகைக்கு இருப்பவர். குடியிருப்பவரின் பெயரை இடாப்பில் போட்டால் நாளைக்கு வீட்டுக்கு உரிமை கேட்பார் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். இடாப்பில் பெயர் இருப்பதால் வீட்டின்மேல் எந்த உரிமையும் வராது. வீட்டுக்காரரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் குடியிருப்பவர் நேரே கிராம உத்தியோகத்தரிடம் போகலாம், அங்கும் சரிவராவிட்டால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முறையிடலாம்.

மூன்றாவது, இடம்பெயர்ந்து திரும்பியவர்கள். சம்பூர்ப் பக்கத்து மக்கள் 2006 இல் வெளியேறி, கிளிவெட்டி, கட்டைபறிச்சான், பட்டித்திடல் என்று முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015 இலிருந்து சொந்த நிலம் திரும்பக் கிடைத்தது. இப்படித் திரும்பிய குடும்பங்களில் ஒருவர் பெயர் ஓரிடத்திலும் மற்றவர் பெயர் வேறிடத்திலும் கிடப்பது வழமை. இரண்டு இடத்தில் பதிவது குற்றம். ஆகவே பழைய பிரிவில் நீக்கியதையும் புதிய பிரிவில் சேர்த்ததையும் இரண்டு பட்டியலிலும் பார்த்து உறுதிசெய்யுங்கள். நீக்கல் மட்டும் நடந்து சேர்க்கை நடக்காவிட்டால் அந்த மனிதர் எங்குமே இல்லை.

அட்டை வராவிட்டால் வாக்கு இல்லை என்று விட்டுவிடுவது

வாக்காளர் அட்டை வெறும் அறிவித்தல். இடாப்பில் பெயர் இருந்தால் அட்டை இல்லாமலே வாக்களிக்கலாம். தபாலில் கிடைக்காதவர் தன் பகுதித் தபால் கந்தோரில் அடையாளத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கையில் கட்டாயம் வேண்டியது அடையாள ஆவணம். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை போன்றவை ஏற்கப்படும். எதுவுமே இல்லாதவருக்குத் தேர்தலுக்கு மட்டும் தற்காலிக அடையாள ஆவணம் உண்டு. புகைப்படத்தோடு கிராம உத்தியோகத்தர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். முதல் நாள் மாலையில் இதைக் கேட்டு ஓடுவது வீண்.

எப்படிப் புள்ளடி இடுவது என்று காட்டாமல் விடுவது

2018 பெப்ரவரிக்குப் பிறகு நாடளாவிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. இடையில் வயதுக்கு வந்த ஒரு தலைமுறைக்கு இந்தச் சீட்டு புதிது. அதோடு எட்டு மாதத்துக்குள் மூன்று விதமான சீட்டு கைக்கு வந்தது. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு எழுதலாம். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று வேட்பாளர் வரைக்கும் விருப்பு வாக்கு. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரேயொரு புள்ளடி. இலக்கம் இல்லை, விருப்பு வாக்கு இல்லை, வேட்பாளரின் பெயரே சீட்டில் இல்லை. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும் மட்டுமே இருக்கும். தெரிந்த ஆளின் பெயரைத் தேடி நின்றுவிட்டு, இரண்டு இடத்தில் அடையாளம் போட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வாக்கு நிராகரிக்கப்படும்.

மாதிரிச் சீட்டு வைத்துக் காட்டுங்கள். ஆனால் அதில் உண்மையான சின்னம் எதுவும் வேண்டாம். அ, ஆ, இ என்று எழுதிய கட்டங்கள் போதும். நடுநிலை அணி ஒரு கட்சியின் சின்னத்தில் புள்ளடி போட்டுக் காட்டினால் அது பிரசாரம்தான்.

"எங்கட வட்டாரத்தில ஆர் வெல்லுவினம் எண்டு தெரியும்தானே" என்பவரை விட்டுவிட்டு வருவது

இதற்குப் பதில் தெரியாமல் திரும்பும் அணிகள் அதிகம். சபையில் ஏறக்குறைய 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் தெரிவாகிறது. ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை ஆசனம் என்பதை, சபை முழுவதிலும் அது எடுத்த வாக்குகள் தீர்மானிக்கின்றன. வட்டாரத்தில் தோற்றவருக்கு விழுந்த வாக்கும் அந்தக் கூட்டலில் சேரும். வட்டாரத்தில் ஒருவர்கூட வெல்லாத கட்சி பட்டியலால் உள்ளே வருவதும் இதனால்தான். இதை ஒரு தாளில் கணக்காகப் போட்டுக் காட்டினால் பலர் மனம் மாறுகிறார்கள்.

நகரத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. "பட்டினமும் சூழலும்" என்ற பிரதேச செயலகப் பிரிவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சபைகள் வருகின்றன. பக்கத்துத் தெருக்காரர் வேறு சபைக்கு வாக்களிக்கலாம். போகும் வீடு எந்தச் சபை, எந்த வட்டாரம் என்று தெரியாமல் படலையைத் தட்டாதீர்கள்.

எல்லாருக்கும் தபால் வாக்கு உண்டு என்று சொல்வது

இல்லை. தேர்தல் கடமையில் இருப்போர், பொலிஸ், படையினர், குறித்த அரச சேவையினருக்கே உண்டு.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்காதது

2025 தேர்தல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் "லீவு தரமாட்டாங்கள்" என்று நின்றுவிட்டார்கள். வாக்களிக்கச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. தேர்தல் ஆணைக்குழு அறிவித்துவரும் அளவு இது: வேலைத்தலத்திலிருந்து 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து திருகோணமலை 250 கிலோமீற்றருக்கு மேல், ஆகவே இரண்டு நாள். விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும். நான்கு வரிக் கடிதம் ஒன்றை மாதிரியாக எழுதி, ஊரில் இருக்கும் தாய் தகப்பனின் போனுக்கு அனுப்புங்கள். அவர்கள் பிள்ளைக்கு அனுப்புவார்கள்.

வான் பிடித்து ஆட்களை ஏற்றுவது

நல்லெண்ணத்தோடு செய்தாலும் சிக்கல். வாக்காளர்களை வாகனத்தில் ஏற்றி இறக்குவது தேர்தல் சட்டத்தில் குற்றமாகும். நடக்க இயலாதவர்களுக்கு வாகனம் தேவைப்பட்டால் தெரிவத்தாட்சி அலுவலரிடம் (தேர்தலை நடத்தும் பொறுப்பதிகாரி) முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பார்வை குறைந்தவர்களும் உடல் இயலாதவர்களும் 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி ஓர் உதவியாளரை உள்ளே அழைத்துப் போகலாம். அதற்கான படிவத்தில் கிராம உத்தியோகத்தரும் அரச வைத்தியரும் உறுதிப்படுத்த வேண்டும். உதவியாளர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது. வைத்தியரிடம் போய்வர நாள் எடுக்கும், ஆகவே இரண்டு கிழமைக்கு முன்பே அந்த வீடுகளுக்குப் போங்கள்.

சாப்பாட்டுப் பொதி

கொடுக்காதீர்கள். தேநீரும் வேண்டாம்.

கட்சிக்காரரின் ஓட்டோவில் வீடு வீடாகப் போவது

ஒரு நாள் போனால் போதும், அணியின் பெயர் போய்விடும்.

"கட்டாயம் வாங்கோ" என்று சொல்லிவிட்டு வருவது

எல்லாரும் "வாறம்" என்பார்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்குப் போவீர்கள், யாரோடு போவீர்கள், எந்தப் பள்ளிக்கூடம்? மூன்றுக்கும் வாயால் பதில் சொன்னவர் போகிறார். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் பலர். நிலையம் மாறியிருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

2025 மே மாதத் தேர்தலில் வாக்களிப்பு காலை 7 மணியிலிருந்து மாலை 4 மணிவரை நடந்தது. மே மாதம் நம் கடல் அமைதியாக இருக்கும் காலம், தொழில் நன்றாக நடக்கும். இரவில் போன படகு காலையில் கரை தட்டும், மீன் ஏற்றி, வலை ஒதுக்கிக் குளித்து முடியப் பத்துப் பதினொரு மணி ஆகும். அவர்களிடம் "காலையிலேயே போங்கோ" என்பது காதில் ஏறாது. பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நேரம் பேசுங்கள். நாட்கணக்கில் கடலில் தங்கும் படகுகளுக்குக் கடற்றொழிலாளர் சங்கத்தோடு இரண்டு கிழமைக்கு முன்பே கதைத்து, கரைக்கு வரும் நாளை ஒழுங்கு செய்யுங்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் சிறுபோக விதைப்பு நடக்கும் நேரமும் அதுதான். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் நாள் கமக்காரர் அமைப்பின் தலைவருக்குத் தெரியும். முதலில் அவரிடம் போங்கள்.