டெலிவரி வேலை ஏன் பிளேயர்களை விரட்டுகிறது: ரோல்பிளே சர்வர் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோல்பிளே சர்வர், அதாவது ஒவ்வொருவரும் ஒரு கேரக்டராக மாறி மற்றவர்களோடு பழகும் ஆன்லைன் ஊர், தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போட்டுவைப்பது ஒரு டெலிவரி வேலையைத்தான். ஜிடிஏ 5-ஐ வைத்து ஃபைவ்எம்மில் (அந்த ஆட்டத்துக்குச் சொந்த சர்வர் நடத்த உதவும் மென்பொருள்) சர்வர் நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். கியூபிகோர் மாதிரி, சர்வருக்கு அடித்தளமாக வைக்கும் ஒரு ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலே லாரி ஓட்டுவது, குப்பை அள்ளுவது எல்லாம் தயார் ஸ்கிரிப்ட்டாகக் கிடைத்துவிடும், மேப்பில் நாலு புள்ளியைக் குறித்து, கூலி எவ்வளவு என்ற எண்ணை மட்டும் மாற்றினால் போதும். புதிதாக வருகிறவர் கையில் காசில்லை, அதனால் "முதல்ல கொஞ்ச நேரம் பார்சல் ஓட்டுங்க, வண்டி வாங்கினதும் மத்ததைப் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அவரும் போகிறார், ஏழெட்டு பார்சல் கொண்டுபோய்ப் போடுகிறார், வெளியேறுகிறார், அப்புறம் வருவதே இல்லை.

டெலிவரி போரடிக்கும், அதனால் போய்விட்டார் என்று சொல்லிவிடுவார்கள். இதை நான் ஏற்கவில்லை. யூரோ டிரக் சிமுலேட்டர் 2 வந்தது 2012-இல். சரக்கு ஏற்றி ஊர் ஊராக ஓட்டுவதுதான் அந்த ஆட்டமே, இன்றுவரை ஆட்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், நண்பர்களோடு சேர்ந்து ஓட்டுவதற்கு 2021-இல் கான்வாய் வசதியும் வந்தது. 2019-இல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங்கில் பெரும்பகுதி நேரம் முதுகில் சுமையோடு மலையும் ஆறும் தாண்டி நடப்பதுதான். அங்கெல்லாம் பாரத்தைச் சமாளிப்பது, பின்பக்கமாக எடுத்து நிறுத்துவது, கால் எங்கே வைப்பது என்று பார்ப்பது, இவையே விளையாட்டு. ரோல்பிளே சர்வரில் அதெல்லாம் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அங்கே வருகிறவர் ஒரு கேரக்டராக மாறி இன்னொரு மனிதரோடு பழகத்தான் வருகிறார். அப்படி வந்தவருடைய முதல் ஒரு மணி நேரத்தை ஆளே இல்லாத நெடுஞ்சாலையில் கழிக்க வைத்தால், அந்த சர்வரில் என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அவர் பார்த்தது ஒரு சாலை, ஒரு மஞ்சள் வட்டம், ஒரு பட்டன்.

யாரும் காத்திருக்காத பார்சல்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன், மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பார்சல் போய்ச் சேரும் இடத்தில் யாரும் இல்லை. வட்டத்துக்குள் நின்று பட்டனை அழுத்தினால் காசு வருகிறது. பார்சலில் என்ன இருந்தது, அது வராவிட்டால் யாருக்கு நஷ்டம், எதுவும் கிடையாது.

இதை நேர் எதிராகச் செய்து காட்டிய ஆட்டம் 2003-இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டம். அதில் ஒரு பிளேயருக்குச் சரக்கு வேறு ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் அவரே ஒரு கூரியர் ஒப்பந்தம் போடலாம். கூலி எவ்வளவு, எத்தனை நாளில் போய்ச் சேர வேண்டும், ஈட்டுத்தொகை எவ்வளவு என்று மூன்றையும் அவரே வைப்பார். ஏற்றுக்கொள்கிறவர் அந்த ஈட்டுத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், சரக்கு தொலைந்தாலோ கெடு தவறினாலோ அது அனுப்பியவருக்குப் போய்விடும். அவ்வளவுதான் விதி. இந்த விதியை நம்பியே ரெட் ஃப்ராக் ஃபிரைட் போன்ற சரக்குக் கம்பெனிகளை பிளேயர்களே கட்டி நடத்தியிருக்கிறார்கள். உயெடாமா போன்ற நட்சத்திர மண்டலங்களில் கொள்ளைக்காரர்கள் காத்திருப்பார்கள் என்பது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். 2020-இல் நியார்ஜா என்ற ஒரே ஒரு மண்டலம் எதிரிகள் கைக்குப் போனதும், ஜீட்டா, அமார் என்ற இரண்டு பெரிய சந்தைகளுக்கு நடுவே 9 ஜம்ப்பில் (ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவது ஒரு ஜம்ப்) முடிந்துகொண்டிருந்த பாதுகாப்பான பாதை 40 ஜம்ப்பைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து சரக்குக்காரர்களின் கணக்கே மாறிப்போனது. கப்பலை ஓட்டுகிற அனுபவத்தை மட்டும் பார்த்தால் ஜிடிஏவில் வேன் ஓட்டுவதைவிட அதில் செய்வதற்குக் குறைவுதான், ஆனாலும் ஆட்கள் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் அந்தப் பெட்டி இன்னொரு மனிதருடையது.

சரி, உங்கள் சர்வர் ஈவ் அளவுக்குப் பெரியதில்லை. பரவாயில்லை. மெக்கானிக் கடையை ஒரு பிளேயர் நடத்துகிறாரா, அவருக்கு உதிரி பாகம் வேண்டும். மருத்துவமனைக்கு மருந்து வேண்டும், உணவகத்துக்கு மளிகை வேண்டும். கடையில் இருப்பு குறைந்தால் கடைக்காரரே ஒரு ஆர்டர் போடட்டும், கூலியும் அவருடைய கல்லாவிலிருந்தே போகட்டும். கொண்டுவருகிற புதியவர் வட்டத்துக்குள் நின்று பட்டன் அழுத்துவதற்குப் பதில் கடைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு பேச்சு நடக்கும். "நீங்க புதுசா, எந்தப் பக்கம் தங்கியிருக்கீங்க" என்று யாராவது கேட்பார்கள். மூன்றாவது தடவை போகும்போது பெயர் தெரிந்திருக்கும், ஐந்தாவது தடவை கடையிலேயே வேலைக்கு வருகிறாயா என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை. ஆள் குறைவான நேரத்தில் கடைக்காரர் இருக்கமாட்டார், அதற்குத்தான் என்பிசி, அதாவது கணினி இயக்கும் பாத்திரம், வாங்கிக்கொள்ளும் டெலிவரி. அதை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள், கூலியைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

கூலியைக் கூட்டிச் சரிசெய்யப் பார்ப்பது

பிளேயர்கள் போகிறார்கள் என்று தெரிந்ததும் அட்மின்கள் முதலில் தொடுவது கூலியைத்தான். இது நிலைமையை மோசமாக்குகிறது. என்பிசி கொடுக்கும் காசு யாருடைய பையிலிருந்தும் வருவதில்லை, ஒவ்வொரு பார்சலுக்கும் சர்வரில் புதுப் பணம் பிறக்கிறது. கூலி உயர்ந்தால் எல்லோரும் லாரிக்குப் போய்விடுவார்கள். போலீஸ், மருத்துவம், கடை என்று மனிதர்களோடு பேசும் வேலைகளில் ஆளிருக்காது. கொஞ்ச நாளில் பழையவர்களிடம் பணம் குவிந்து, பிளேயர்களுக்குள் விற்கிற வண்டி, வீடு எல்லாம் விலை ஏறிவிடும். அடுத்த மாதம் சேருகிற புதியவருக்கு அந்தக் கூடுதல் கூலியும் போதாது. அவரும் நெடுஞ்சாலையில் இன்னும் அதிக நேரம் கிடப்பார். கடைக்காரர் கல்லாவிலிருந்து கூலி போனால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி வராது, ஏற்கெனவே இருக்கும் பணம்தான் கை மாறுகிறது.

கூலியை நிர்ணயிக்கும்போது பலர் மறந்துவிடுவது திரும்பி வரும் பயணம். ஸ்கிரிப்ட் போகும் வழிக்கு மட்டும் கணக்குப் போடுகிறது, வெறும் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிற பாதி நேரம் பிளேயருக்கு வீண். நிமிடத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்கும்போது அந்த நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் திரும்பும் வழியில் ஒரு லோடு கொடுங்கள். நிஜ லாரிக்காரர்களும் வெறும் வண்டியாகத் திரும்ப விரும்பமாட்டார்கள்.

டைமர்

ரோல்பிளேக்கு இதைவிடக் கெடுதலான ஒன்றை யோசிப்பது கஷ்டம். பத்து நிமிடத்துக்குள் கொண்டுபோனால்தான் காசு என்று வைத்தால் பரபரப்பு கூடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் ரோல்பிளே சர்வரில் நல்லது எல்லாம் குறுக்கீடாகத்தான் வருகிறது. வண்டி பழுதாகி ஓரமாக நிற்கிறவர் கை காட்டுகிறார், வேகமாகப் போனதற்குப் போலீஸ் நிறுத்துகிறார், யாரோ வழி கேட்கிறார்கள். டைமர் ஓடிக்கொண்டிருந்தால் இவை எல்லாம் இடைஞ்சல். நிற்கமாட்டார், நிறுத்தினாலும் "சீக்கிரம் அபராதத்தைப் போடுங்க" என்பார், சிவப்பு விளக்கில் இடித்துக்கொண்டு போவார். போலீஸாக விளையாடுகிறவருக்கும் அந்தக் காட்சி கெட்டுப்போகிறது. அதாவது நீங்கள் வைத்த விதியே அவரை மற்றவர்களிடமிருந்து ஓடச் சொல்கிறது.

டைமர் எங்கேயுமே கூடாது என்று சொல்லவில்லை. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் நோம் உணவகம் என்ற மினிகேம் (ஆட்டத்துக்குள் ஒரு சிறு ஆட்டம்) இருக்கிறது, உணவைக் கொண்டுபோய்க் கொடுக்க எளிய ஆர்டருக்கு 6 நிமிடம், கடினமானதற்கு 11 நிமிடம். அங்கே அது பொருந்துகிறது, பிளேயர்கள் உணவுகளை முன்பே சமைத்து வைத்துக்கொண்டு, எந்த வழியில் போனால் சீக்கிரம் என்று திட்டமிடுகிறார்கள், திட்டமிடுவதுதான் அதில் சுவை. உங்கள் சர்வரில் அந்தத் திட்டத்துக்கு இடமில்லையென்றால் நிமிடக் கெடு வேண்டாம். "இருட்டுவதற்குள்" என்பது போல அகலமான கெடு போதும். ஜிடிஏ 5-இல் மாற்றாமல் விட்டால் ஆட்டத்தின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் 48 நிமிடம் ஓடும், அதற்குள் வழியில் ஒருவருக்கு டயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகவும் நேரமிருக்கும்.

ஆபத்தைத் தப்பான ஆளின் தலையில் வைப்பது

டெலிவரி சலிக்கிறது, சரி, கொள்ளையைச் சேர்ப்போம் என்று இறங்குகிறவர்களும் உண்டு. யோசனை தவறில்லை. கொரியாவில் 2013-இலும் மேற்கில் 2014-இலும் வந்த ஆர்க்கிஏஜ் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் வியாபார மூட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது, நடை மந்தமாகிவிடும், வழியில் மற்ற பிளேயர்கள் கொன்றுவிட்டு மூட்டையைப் பறித்துக்கொள்ள முடிந்தது. கடல் தாண்டி இன்னொரு கண்டத்தில் விற்றால் லாபம் அதிகம், கடற்கொள்ளையர்களும் அதிகம். அதனால் பலர் தனியாகப் போகவில்லை, கில்டோடு, அதாவது தங்கள் குழுவோடு, கப்பலில் போனார்கள், காவலுக்கு ஆள் வைத்தார்கள். அந்த ஆட்டத்தை விளையாடியவர்கள் நினைவாகச் சொல்வதில் இந்த மூட்டைப் பயணங்கள் நிச்சயம் இருக்கும்.

ஆனால் அங்கே ஆபத்தான வழியில் போவது பிளேயரின் சொந்த முடிவு. இதை அப்படியே எடுத்துவந்து, பேரே சொல்லத் தெரியாத புதியவருடைய மூன்றாவது பார்சலில் நாலு பேர் துப்பாக்கியோடு வந்து நின்றால் அவருக்கு அது ஒரு கதையாக மிஞ்சாது. வண்டி வாடகைக்குக் கட்டிய டெபாசிட்டும் போயிருக்கும். அவருக்குக் குறைந்த கூலியில் பாதுகாப்பான வழி இருக்கட்டும், அதிகக் கூலி வேண்டுமென்றால் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போகிற வேலை தனியாக இருக்கட்டும். எது எது என்று லோடு ஏற்றும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால்தான் செய்ய முடியும் என்ற ஒரே விதியால் நல்ல நட்புகள் உருவாகும், வண்டிக்குள் பேசுவதற்கு நேரம் நிறைய இருக்கிறது.

கதையில் எதையும் நகர்த்தாத ஏவல்

ரோல்பிளே சர்வருக்கு வெளியே, குவெஸ்ட், அதாவது ஆட்டம் கொடுக்கும் ஏவல்கள், வைத்து நகரும் பெரிய ஆன்லைன் ஆட்டங்களிலும் இதே நோய் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல், 2013-இல் வந்த எ ரெல்ம் ரீபார்ன் பகுதியின் முக்கியக் கதையில், இதைக் கொண்டுபோய் அவரிடம் கொடு, அவர் சொல்வதை இவரிடம் வந்து சொல் என்ற ஓட்டம் அதிகம். அதன் பின்னால் வரும் நல்ல கதையை எட்டுவதற்கு முன்பே பலர் விலகிப் போனது அந்த ஆட்டக்காரர்கள் மத்தியில் ஊரறிந்த விஷயம். 2020 ஆகஸ்டில் வந்த 5.3 பேட்ச் என்ற புதுப்பிப்பில் அந்தக் குவெஸ்ட்களில் சுமார் 13 சதவீதத்தை வெட்டினார்கள், அந்தப் பகுதிகளில் பறக்கவும் அனுமதித்தார்கள். ஒரு சர்வர் அட்மினும் இதே கேள்வியைத் தன் வேலைகளிடம் கேட்கலாம்: இந்தப் பார்சல் போய்ச் சேர்ந்ததால் ஊரில் என்ன மாறியது? மருந்து வந்ததால் மருத்துவமனையில் கட்டுப்போட முடிகிறது, வராத நாளில் முடியவில்லை என்றால் அது வேலை. எதுவும் மாறாது என்றால் தூக்கிவிடுங்கள்.

தொழில்நுட்பப் பக்கத்தில் இரண்டு மட்டும் சொல்கிறேன். கேம் க்ராஷ் ஆனால் லோடும் டெபாசிட்டும் காணாமல் போகிற ஸ்கிரிப்ட்டை வைத்திருக்காதீர்கள், எந்த நிலையில் விட்டாரோ அதை டேட்டாபேஸில் சேமித்து வைத்து, திரும்பி வந்ததும் கொடுங்கள். அடுத்தது, கூலி கொடுக்கும் முடிவை பிளேயரின் கம்ப்யூட்டரிலிருந்து வரும் செய்தியை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். ஏமாற்றுகிறவர்கள் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பணத்தை அள்ளிவிடுவார்கள். லோடு ஏற்றினாரா, அந்த இடத்தில் இருக்கிறாரா, அவ்வளவு தூரத்தை அந்த நேரத்தில் ஓட்ட முடியுமா என்று சர்வர் பக்கத்திலேயே சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல், ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கிறேன் என்று ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு புதிர் மினிகேமைச் சேர்ப்பார்கள், அது நேர்மையாக ஓட்டுகிறவரைத்தான் வாட்டும்.

கடைசியாக, எதை வைத்து அளக்கிறீர்கள் என்பது. டெலிவரி எண்ணிக்கை ஏறினால் வேலை பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள், வேறு வழி இல்லாமல் ஓட்டுகிறவரும் அதே எண்ணிக்கையில்தான் சேருகிறார். அதற்குப் பதிலாக, புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளில் எத்தனை பேரோடு பேசினார், டெலிவரியிலிருந்து எந்த வேலைக்கு நகர்ந்தார், அடுத்த வாரம் வந்தாரா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். பிளேயர் நடத்தும் கடைகளில் அதிகம் திறந்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கம் போகிற பார்சல்களுக்கு மட்டும் வட்டத்தை எடுத்துவிட்டு கையில் கொடுக்கும்படி மாற்றுங்கள், டைமரையும் எடுத்துவிடுங்கள், கடைக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஒரு மாதம் அப்படி விட்டுப் பார்த்து, அந்தக் கடைக்குப் போனவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள், மற்ற வழிகளில் ஓட்டியவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தபிறகு அடுத்த கடைக்குப் போங்கள்.