பகீர் வாக்குமூலமும் கவ்வாத மோப்ப நாயும்

எங்கள் பக்கத்தில் சமீபத்தில் ஒரு வீட்டுக்குள் கொலை நடந்தது. எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுதப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. காரைக்குடியிலிருந்து பைக்கில் போய்விடும் தூரம், அவ்வளவு போதும். சேதி பரவிய அரைமணி நேரத்தில் முகப்புக்கு எதிரே ஏழெட்டு செல்போன்கள் உயர்ந்து நின்றன. அதில் ஒரு தம்பி, சொந்தமாக வீடியோ சேனல் நடத்துகிறவர், என்னைப் பார்த்ததும் ஓடி வந்து காதோடு சொன்னார்: “அண்ணே, மகன்தாண்ணே. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அழவே இல்ல.”

26 வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தவன் நான். ஸ்டேஷன், ஜிஎச் பிணவறை, கோர்ட் வராண்டா என்றே காலம் போயிற்று. அந்தத் தம்பியிடம் கோபப்பட முடியவில்லை. 1998-இல் நானும் அப்படித்தான் இருந்தேன், கையில் செல்போன் மட்டும் இல்லை.

வயதைத் தப்பாகப் போடுவது, ஊர்ப் பெயரைக் குளறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் நாலு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். குடும்பத்துக்குள் நடந்த கொலையைப் பற்றி எழுதும்போதும் டீக்கடையில் பேசும்போதும் திட்டு வாங்கியும் திருந்தாத சில உண்டு. அவற்றைச் சொல்கிறேன்.

“வீட்டுல அவர் ஒருத்தர்தானே இருந்தார்?”

செட்டிநாட்டு வீட்டைப் பற்றி இதைச் சொல்கிறவர், அந்த வீட்டுக்குள் போகாதவராகத்தான் இருப்பார். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போய், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடுகள் இங்கே ஏராளம். பங்காளிகளுக்குள் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. சாவி ஒன்று சென்னையில் இருக்கும், ஒன்று கோயம்புத்தூரில், இன்னொன்று மலேசியாவில். படையலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எல்லோரும் வருவார்கள். மற்ற நாளில் ஒரு ஆச்சியும் சமையலுக்கு வரும் பெண்ணும் காவல்காரரும்தான். முன்வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்கட்டில் குடம் உருண்டால் கேட்காது.

இதனால்தான் விவரம் தெரிந்த இன்ஸ்பெக்டர் முதலில் சாவிகளை எண்ணுவார். எத்தனை சாவி, யார் யார் கையில், கடைசியாகப் பின்கதவைத் தாழ் போட்டது யார்.

சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 109. வீட்டுக்குள் நடந்த கொலைகளில் அரசு வக்கீல்கள் இதைத்தான் அடிக்கடி கையில் எடுப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்தார் என்பதை முதலில் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறக்கவில்லையே என்ற கேள்வி. நம் ஆட்கள் இரண்டாவதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அழவில்லை

என் அப்பத்தா இறந்த அன்று அப்பா அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினாறாம் நாள், இலையில் சோறு விழுந்த பிறகு அழுதார்.

காணாமல் போனவன்தான் கொலையாளி

நொய்டாவில் 2008 மே மாதம் ஒரு சிறுமி அவளுடைய அறையிலேயே கொல்லப்பட்டுக் கிடந்தாள். வீட்டு வேலைக்காரரைக் காணோம். அவர்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று போலீஸ் சொல்ல, நாடே நம்பியது. மறுநாள் அதே வீட்டு மொட்டைமாடியில் அவர் பிணமாகக் கிடந்தார். ஒரு மாடிக் கதவைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு சந்தேகம் பெற்றோர் மேல் திரும்பியது, வேறு மூன்று பேர் மேல் போனது, மறுபடி பெற்றோர் மேல் வந்தது. 2013 நவம்பரில் ஆயுள் தண்டனை. 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. இடைப்பட்ட ஒன்பது வருஷமும் ஒவ்வொரு வீட்டு டிவியிலும் ஒரு தீர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“கொலையை ஒப்புக்கொண்டார்”

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. மற்றதெல்லாம் கூடவே வந்தவை.

1998-இல் ஒரு கிராமத்தில் சொத்துத் தகராறு. பெரியவர் ஒருவர் கண்மாய்க் கரையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். அவருடைய தம்பி மகனைப் பிடித்தார்கள். ஸ்டேஷனில் எனக்குப் பழக்கமான ஏட்டையா ஒருவர், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கார்பன் தாளில் எடுத்த ஒரு நகலைக் காட்டினார். ஒப்புதல் வாக்குமூலம். நான் நின்றபடியே நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் பேப்பரில் மூன்று பத்தித் தலைப்பு: ‘ஆத்திரத்தில் வெட்டினேன்’, அதன் கீழே ‘கைதான வாலிபர் பகீர் வாக்குமூலம்’. என் முதல் பெரிய செய்தி. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அந்தத் தாளின் நடை மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது. “நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். மேற்படி நபர் எனக்குப் பெரியப்பா முறை ஆவார்...” என்று தொடங்கி, “என்னை அழைத்துச் சென்றால் மேற்படி அரிவாளை மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்” என்று முடியும். அந்தப் பையன் அஞ்சாங்கிளாஸ். ஆடு மேய்த்தவன். ‘மேற்படி’ என்ற சொல்லை அவன் ஆயுளில் சொல்லியிருக்க மாட்டான். பிற்பாடு எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ வாக்குமூலங்களைப் பார்த்துவிட்டேன். படித்தவர் படிக்காதவர், பெண் ஆண், எல்லோரும் ‘மேற்படி’ என்றே பேசுகிறார்கள். அது எழுதியவரின் மொழி. அன்றைக்கு என் கண்ணில் இது படவில்லை என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சட்டத்தில் 25, 26-ஆம் பிரிவுகள், புதியதில் 23. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும் அதே கதிதான், மாஜிஸ்திரேட் நேரில் இருந்தால் ஒழிய. வெள்ளைக்காரன் காலத்திலேயே போட்ட விதி இது. ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு விலக்கு: அந்தப் பேச்சால் ஏதாவது பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். எந்தப் பகுதி என்பதற்குப் பழைய சென்னை மாகாணத்து வழக்கு ஒன்று உண்டு. வக்கீல்கள் ‘கோட்டையா வழக்கு’ என்பார்கள். அன்றைக்குக் கடைசி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1946-இல் தீர்த்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இப்படி: “அரிவாளை வைக்கோல் போருக்குள் வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்” என்பது செல்லும். “பெரியப்பாவை வெட்டிய அரிவாளை” என்று இருந்தால், ‘பெரியப்பாவை வெட்டிய’ என்பதை அடித்துவிட வேண்டும். நான் தலைப்பாகப் போட்டது, கோர்ட் அடித்துவிடும் அந்தப் பகுதியைத்தான்.

செல்லுகிற ஒப்புதல் என்றால், மாஜிஸ்திரேட் முன் கொடுப்பது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164 என்பார்கள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 183. நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று மாஜிஸ்திரேட் முதலிலேயே எச்சரிக்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்று அவன் சொல்லிவிட்டால், திரும்பப் போலீஸ் கஸ்டடிக்கு அனுப்பக் கூடாது. இவ்வளவும் முடிந்து ஒருவன் ஒப்புக்கொண்டான் என்றால் எழுதுங்கள். என் 26 வருஷத்தில் அப்படி எழுதக் கிடைத்தவை மிகக் குறைவு.

நம் மாநிலத்தில் இன்னொரு வழியும் உண்டு. குற்றம் செய்தவர் தானாக விஏஓ ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார், விஏஓ எழுதி வாங்கிப் போலீசில் ஒப்படைத்தார் என்று வரும். விஏஓ போலீஸ் இல்லை என்பதால் இது கோர்ட்டில் நிற்கலாம். முன்பின் பழக்கமில்லாத விஏஓவைத் தேடிப் போய் ஒருவன் எதற்காகக் கொலையைச் சொல்ல வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். நீதிபதிகளும் கேட்டிருக்கிறார்கள். ‘விஏஓவிடம் சரண்’ என்று எழுதும் முன் நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பையனின் வழக்கு மூன்று வருஷம் நடந்தது. அரிவாள் எடுத்ததற்கு மகஜரில், அதாவது போலீஸ் எழுதும் கைப்பற்றல் பதிவில், சாட்சிகளாக இருந்த இரண்டு பேரும், ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று கூண்டில் சொல்லிவிட்டார்கள். நேரில் பார்த்ததாகச் சொன்னவர் அன்று ஊரிலேயே இல்லை. விடுதலை. நான் அந்தச் செய்தியை எழுதி அனுப்பினேன். “பழைய கேசு, யார் படிப்பாங்க?” என்று டெஸ்கில் சொன்னார்கள். வரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் அவனுடைய ஆத்தா என்னை நிறுத்தினார். மகளுக்குப் பேசிய சம்பந்தம் அந்தப் பேப்பரால் நின்றுபோயிருந்தது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் கேட்டார்: “தம்பி, எம்மகன் சொன்னான்னு போட்டிருக்கீகளே, அவன் ஒங்ககிட்ட எப்பச் சொன்னான்?”

அவனை நான் பார்த்ததுகூட இல்லை.

இன்றைக்கு வீடியோக்களில் ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று சிவப்பு எழுத்தில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், பின்னால் சோக வயலின் வேறு, ரிமோட்டைத் தேடுகிறேன். கைது செய்தார்கள் என்பது நடந்த செயல், எழுதலாம். ஒப்புக்கொண்டார் என்பது போலீஸ் சொல்வது. ‘ஒப்புக்கொண்டதாகப் போலீசார் கூறுகின்றனர்’ என்று ஒரு வால் சேர்த்துத் தப்பித்துக்கொள்வதும் எனக்கு உவப்பில்லை. படிக்கிறவர் வாலைப் பார்ப்பதில்லை. அந்த வரியே வேண்டாம் என்பது என் கட்சி.

முகத்தைக் காட்டுவது

முன்பின் அறியாதவனைப் பார்த்த சாட்சி இருந்தால், சிறைக்குள் மாஜிஸ்திரேட் அடையாள அணிவகுப்பு நடத்துவார். ஒரே மாதிரி ஆட்களுக்கு நடுவே அவனை நிறுத்தி, யார் என்று காட்டச் சொல்வார். அதற்கு முன்பே உங்கள் வீடியோவில் அவன் முகம் வந்திருந்தால், “சாட்சி செல்போனில் பார்த்துவிட்டுத்தான் காட்டினார்” என்று வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். உண்மையான கொலைகாரனே வெளியே வருவான், உங்கள் தயவில்.

இங்கே இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஐயா பெயரைப் பேரனுக்கு விடுவது நம் பக்கத்து வழக்கம். ஒரே பெயர், ஒரே விலாசம், ஒரே இனிஷியலில் பங்காளிகள் நாலு பேர் இருப்பார்கள். பேஸ்புக்கில் பெயரைப் போட்டுத் தேடி முதலில் வந்த படத்தை எடுத்து ஒட்டினார் ஒருவர். படத்தில் இருந்தவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிற, சம்பந்தமே இல்லாத மனிதர். அவருடைய அம்மாவுக்கு ஊரிலிருந்து போன் மேல் போன்.

மோப்ப நாய்

அது பஸ் ஸ்டாப் வரை ஓடி நின்றது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. இந்த வரியை நானே நூறு முறை எழுதியிருப்பேன். ஒருமுறைகூட அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கள்ளக்காதல்

நோக்கம் தெரியாத நாளில் இந்தச் சொல்லை எழுத வேண்டாம். தெரிந்த நாளிலும் வேண்டாம்.

வீட்டில் குழந்தை இருந்தால்

பெயர், படம், பள்ளிக்கூடம், எதுவும் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். “பாட்டிய யாருப்பா அடிச்சா?” என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் மைக்கை நீட்டியவரை நான் பார்த்திருக்கிறேன்.

“ஜாமீன்ல வந்துட்டான், பணம் பேசிருச்சு”

கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. 91-ஆம் நாள் வெளியே வந்தவரைப் பற்றிக் கோபம் வந்தால், ஸ்டேஷனில் போய் ஏன் தாமதம் என்று கேளுங்கள்.

சங்கிலி

பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் சந்தர்ப்ப சாட்சியம்தான் கதி. மனைவிக்கு விஷம் கொடுத்ததாகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒரு கணவனை 1984-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தபோது ஐந்து நிபந்தனைகளைச் சொன்னது. இன்றைக்கும் எல்லாக் கோர்ட்டிலும் அதைத்தான் படிக்கிறார்கள். சுருக்கமாக, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக நிரூபணமாகி, அவர் செய்திருக்க முடியாது என்பதற்கு ஒரு சின்ன இடைவெளிகூட இல்லாமல் சங்கிலி மூட வேண்டும். டீக்கடையில் நாம் கோப்பது இரண்டு கண்ணி: சொத்துத் தகராறு இருந்தது, அன்று முகம் சரியில்லை.

பிறகு போகாமல் இருப்பது

கைதுக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூடச் சாட்சி விசாரணைக்கு வருவதில்லை. சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டில், குறுக்கு விசாரணை நடக்கும் மதியங்களில், பெஞ்சில் நானும் குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்தக்காரர்களும் மட்டும் உட்கார்ந்திருந்த நாட்கள் எத்தனையோ.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் ஒரு சாயங்காலம் உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். மகனைப் பற்றிய வீடியோவை எடுத்துவிடுவதாகவும் சொன்னார். கேஸ் கோர்ட்டுக்கு வரும்போது தேதி சொல்கிறேன், கூட வா என்றேன்.

“வர்றேண்ணே. என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க,” என்று எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிக் கேட்டார்: “ஆனா அண்ணே, உங்களுக்கு என்ன தோணுது? மகன்தானே?”