பேட்டரியை மாற்றும் முன் போல்ட்டைப் பாருங்கள்

போன சித்திரையில் பைக்கில் அழகர்கோவில் போய்விட்டுத் திரும்பும்போது, கடச்சனேந்தலில் டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் அடித்தேன். டிக், டிக். அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த கடையில், "பேட்டரி போச்சுண்ணே, மாத்திருங்க" என்றார்கள். மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே டிக் டிக். சீட்டைக் கழற்றிப் பார்த்தால், பிளஸ் போல்ட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து ஒயர். ஹாரன், ஃபாக் லைட், மொபைல் சார்ஜர் எல்லாம் நான் ஆசை ஆசையாகச் சேர்த்தவை. அந்த போல்ட் விரலால் திருகினாலே சுற்றியது.

இதுதான் முதல் தவறு, பலரும் செய்வது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரன்ட் மிக அதிகம். அதற்கான தடித்த கேபிளின் லக், அதாவது நுனியில் இருக்கும் உலோக வளையம், பேட்டரியின் ஈய முனையோடு நேராக ஒட்டி உட்கார வேண்டும். சில்லறை ஒயர்கள் அதற்கு மேலேதான். லக் போடாமல் கம்பியை முறுக்கி போல்ட்டில் சுற்றிவிடுவதும் வேண்டாம். வண்டி ஆட ஆட இழைகள் நசுங்கி, ஒவ்வொன்றாக அறுந்துவிடும்.

ஐந்து லக் அடுக்கியதும் போல்ட் எட்டாது. உடனே நீளமான போல்ட் ஒன்றைத் தேடிப் போடுவோம். அது அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு நன்றாக இறுகியது போலத் தெரியும், மேலே லக் ஆடிக்கொண்டிருக்கும். என் வண்டியில் நடந்தது இதுவேதான். இறுக்கியபின் லக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசையக்கூடாது. கூடுதல் ஒயர்கள் இருந்தால் பேட்டரியிலிருந்து ஒரே ஒயர் எடுத்து, சின்ன ஃபியூஸ் பாக்ஸ் வைத்து, அதிலிருந்து பிரித்துக்கொள்ளலாம்.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் யார்? ஹேண்டில் பக்கம் ஃபிரேமில் உரசித் தோல் போனால் அந்த ஒயர்தான் எரியும். 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். இதை ரிலே (பெரிய கரன்ட்டைத் தானே சுமந்து, சுவிட்ச் வழியாகக் கொஞ்சம் மட்டும் போகவிடும் உறுப்பு) இல்லாமல் ஹேண்டில் சுவிட்ச் தாங்காது. 100 சிசி வண்டி சார்ஜ் செய்து ஈடுகட்டுவதும் நடக்காது. ஃபியூஸ் போய்விட்டதென்று சிகரெட் அட்டை ஜிகினாவையோ ஒயர் இழையையோ வைப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள்வேன்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியின் ஃபிரேம் முழுக்க மைனஸ்தான். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை ஃபிரேமில் பட்டால் பொறி பறக்கும், ஸ்பேனரில் வடு விழும்.

அப்புறம் ஒயர் இணைப்பில் சுற்றும் இந்தக் கறுப்பு டேப். மதுரை வெயிலில் வண்டி அரை நாள் நின்றால் அதன் பசை உருகிப் பிரிந்து, தூசியை வாரிப் பூசிக்கொள்ளும். சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள், விலை அதிகமில்லை. பேட்டரி முனைகளில் உப்பு பூத்திருந்தால் கேபிள்களைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் பழைய பிரஷ்ஷால் தேய்க்கலாம், அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் மட்டும் போகக்கூடாது. காயவைத்து, இறுக்கிய பிறகு மேலாக வாசலின் தடவினால் போதும்.

ஒயரை அழகாகக் கட்டுகிறேன் பேர்வழி என்று பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு, தண்ணீர் பேட்டரியின் வென்ட் டியூபையும் சேர்த்து நெரித்துவிடாதீர்கள். அதன் வழியாக வாயு வெளியேற வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகு டையை இறுக்குங்கள்.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயத்திலும், மறுமுனையை அதே பக்கத்து கேபிள் லக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எனக்கு 1.4 வோல்ட் காட்டியது. சின்ன போல்ட்டுக்கு மாறி, லக்குகளைப் பிரித்ததும் புள்ளிக்குப் பின்னால்தான் எண்ணே வந்தது.

பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தேன். நல்ல பேட்டரியாகத்தான் இருந்திருக்கும்.