குளிர்கால ரோடு சைக்கிள்: ஃபிரேம் அளவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேரிடம் இரண்டு சைக்கிள் இருக்கும். கோடைக்கு இலகுவான ஒன்று. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை மழை, சேறு, சாலையில் தூவும் உப்பு எல்லாவற்றையும் தாங்க முழு நீள மட்கார்டு போட்ட இன்னொன்று. முதல் சைக்கிளுக்கு மாதக்கணக்கில் யோசித்தவர்கள்கூட, இரண்டாவதை "குளிர்காலத்துக்குத்தானே" என்று விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். வருடத்தில் ஐந்து மாதம் உட்காரப்போவது இதில்தான். அளவு தப்பினால் முட்டியும் கீழ் முதுகும் வலிக்க ஆரம்பித்துவிடும்.

அதிகம் பேர் செய்யும் தவறு, ஃபிரேமில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்புவது. "என்னுடையது 56, இதுவும் 56, சரி" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த எண் ஒரு காலத்தில் சீட் டியூபின், அதாவது சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயின், நீளத்தைச் சென்டிமீட்டரில் சொன்னது. சீட்டின் அடியிலிருந்து ஹேண்டில்பார் பக்கம் போகும் மேல் டியூப் தரைக்கு இணையாக இருந்தவரை அதை வைத்து ஓரளவு ஒப்பிடவும் முடிந்தது. 1990களில் மைக் பர்ரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர், ஜயன்ட் கம்பெனிக்காக மேல் டியூபைப் பின்பக்கம் சரித்து, சில அளவுகளிலேயே பலருக்கும் பொருந்துகிற ஃபிரேமைக் கொண்டுவந்தார். இன்று அந்தச் சரிவு எங்கும் வந்துவிட்டதால், சீட் டியூப் 52 சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் ஸ்டிக்கரில் 56 என்று இருக்கும். செருப்பில் எட்டாம் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற மாதிரிதான் இதுவும்.

அதற்குப் பதிலாகப் பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள். பெடல்கள் சுழலும் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து, ஃபிரேமின் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடையே கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்பது ரீச். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், முன்னே பின்னே நகர்த்தலாம். ஃபிரேமின் இந்த இரண்டு அளவையும் மாற்றவே முடியாது. புது சைக்கிளுக்குக் கம்பெனியின் அளவுப் பட்டியலிலேயே இரண்டும் இருக்கும்.

உங்களுக்குப் பழகிய கோடை சைக்கிளை வீட்டிலேயே அளந்துவிடலாம். சமதளத்தில் பின்சக்கரம் சுவரைத் தொடும்படி நேராக நிறுத்துங்கள். பாட்டம் பிராக்கெட்டின் நடு தரையிலிருந்து 27 செ.மீ, சுவரிலிருந்து 75 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். ஹெட் டியூபின் மேல்முனையின் நடு தரையிலிருந்து 83, சுவரிலிருந்து 113.5. கழித்தால் ஸ்டாக் 560 மி.மீ, ரீச் 385 மி.மீ. இதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. மேல் டியூப் நீளத்தை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். சீட் டியூபின் சாய்வு ஒரு டிகிரி மாறினாலே அந்த நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும், ரீச் அப்படியேதான் இருக்கும்.

குளிர்காலத்துக்கென்று வரும் ஃபிரேம்கள் பலவற்றில் ஹெட் டியூப் நீளம். 560 ஸ்டாக்குக்குப் பழகியவர் 590 வாங்கினால் ஹேண்டில்பார் 3 செ.மீ ஏறிவிடும். குளிரில் உடம்பு விறைத்திருக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவது நல்லதுதான். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்றத்தை நானே சிபாரிசு செய்வேன். அதற்கு மேல் என்றால், ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் வைக்கும் வளையங்களான ஸ்பேசர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் இறக்க வழியிருக்காது. ஸ்டாக் குறைவாக இருந்தால் ஸ்பேசர் வைத்து ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு 10 மி.மீ ஸ்பேசருக்கும் ஹேண்டில்பார் சுமார் 3 மி.மீ உங்கள் பக்கம் வரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

தடித்த உடை போடுகிறோமே, ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். கை நீளம் மாறப்போவதில்லை. தடித்த ஜாக்கெட் தோளைப் பிடித்து இழுக்கும்போது எட்டாத ஹேண்டில்பார் இன்னும் தள்ளிப்போன மாதிரி இருக்கும். உடையாலும் ஷூவாலும் மாறுவது சீட் உயரம், அதுவும் சில மில்லிமீட்டர்தான். உள்ளே கம்பளி சோல் வைத்த குளிர்கால ஷூ, வேறு வகைப் பெடல் இரண்டும் உயரத்தைப் பாதிக்கும். அதனால் அளவு பார்க்கப் போகும்போது அந்த ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள்.

சின்ன ஃபிரேம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெடல் மாட்டியிருக்கும் கிராங்கைக் கிடைமட்டமாக முன்னால் வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஷூ நுனி மட்கார்டில் இடிக்கலாம். வேகமாகப் போகும்போது சக்கரம் அவ்வளவு திரும்பாது. ஈரமான சாலையில் மெதுவாக யூ டர்ன் எடுக்கும்போதுதான் விழுவீர்கள். மட்கார்டு மாட்டிய சைக்கிளிலேயே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வெறும் டயரோடு பார்த்தால் இடிக்காத கால், மட்கார்டு வந்ததும் இடிக்கும்.

சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் ஃபிரேம் என்றால், 47–57 மி.மீ பிரேக்குக்கு ஏற்றதா என்று கேளுங்கள். பிரேக்கை மாட்டும் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரை உள்ள தூரம்தான் இந்த அளவு. ரேஸ் ஃபிரேமில் வரும் 39–49 மி.மீ பிரேக்குக்கு அடியில் டயரும் மட்கார்டும் சேர்ந்து அடங்குவது கஷ்டம்.

"ஸ்டெம் மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்" என்பதையும் அளவோடு நம்புங்கள். ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை முன்பக்கம் பிடித்திருக்கும் துண்டு. 100 மி.மீ ஸ்டெம்மை 90 ஆக்கலாம், 110 ஆக்கலாம். 60 வரை குறைக்க வேண்டியிருந்தால் அந்த ஃபிரேம் உங்களுக்குப் பெரிது. ஹேண்டிலின் சுபாவமும் மாறிவிடும்.

பழைய சைக்கிள் வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் அசைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில குளிர்காலம் உப்புத் தண்ணீரில் ஓடிய ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினியம் போஸ்ட் அரித்து இறுகிவிடும். அப்புறம் ஃபிரேம் அளவு சரியாக இருந்தும் பயனில்லை, முந்தைய சொந்தக்காரரின் சீட் உயரத்தில்தான் நீங்கள் ஓட்ட வேண்டியிருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, நீங்களே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வாங்கிய பிறகு வருடா வருடம் அக்டோபரில் போஸ்ட்டை வெளியே எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். கார்பன் போஸ்ட் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று விற்கும் பேஸ்ட்தான்.